கர்ப்பகால எடை: எவ்வளவு கூடலாம், எப்படிக் கணக்குப் பார்ப்பது, மாறும் உடம்போடு எப்படி ஒத்துப்போவது

முதல் செக்கப்பிலேயே எடை மெஷினில் ஏறச் சொல்வார்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்த முறை அது எவ்வளவு இருக்க வேண்டும், கூடினால் என்ன, கூடாவிட்டால் என்ன என்று உட்கார வைத்துச் சொல்பவர்கள் குறைவு. அந்த வெற்றிடத்தை மற்றவர்களின் பேச்சு நிரப்பிவிடுகிறது. 'ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு' என்று ஒருவர், 'இப்பவே இவ்வளவு ஊதிட்டியே' என்று இன்னொருவர். இரண்டையும் ஒரே நாளில் கேட்கும் பெண் எதை நம்புவாள்? தன் கணக்கைத் தானே போடத் தெரிந்தால் இந்தப் பேச்சின் பாரம் பெருமளவு குறையும். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

கூடும் கிலோ எங்கே போகிறது

ஒரு சராசரிக் கர்ப்பத்தில் ஏறத்தாழ 12 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குழந்தை 3 முதல் 3.5 கிலோ. நஞ்சுக்கொடி சுமார் 700 கிராம், பனிக்குட நீர் 800 கிராம், பெரிதாகும் கர்ப்பப்பை 900 கிராம், மார்பகங்கள் அரை கிலோ. ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுவதால் ஒன்றரை கிலோ. திசுக்களில் தங்கும் நீர் இன்னொரு ஒன்றரை கிலோ. மீதி 3 கிலோ சொச்சம் கொழுப்பு.

இவை எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. 20ஆம் வாரத்தில் 4 கிலோ கூடியிருக்கும் ஒருவருக்கு, குழந்தையின் எடை அப்போது சுமார் 300 கிராம்தான். அந்த 4 கிலோவில் ஏறத்தாழ 2 கிலோ கொழுப்பு. இடுப்பு, தொடை, முதுகு, மேற்கை ஆகியவற்றில் உடம்பு அதை முதலிலேயே சேர்த்து வைக்கிறது. கடைசி மாதங்களில் குழந்தை வேகமாக வளரும்போதும், பிறகு பால் சுரக்கும்போதும் செலவழிக்க அந்தச் சேமிப்பு வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் கணக்கு தலைகீழாகி, கூடுவதில் பெரும்பங்கு குழந்தைக்குப் போகும்.

நான்காம், ஐந்தாம் மாதத்தில் பலர் மனம் உடைவதற்கு இதுதான் காரணம். வயிறு இன்னும் கர்ப்ப வயிறாகத் தெரியாது. ஆனால் பழைய துணி எதுவும் ஏறாது. கண்ணாடியில் தெரிவது கர்ப்பிணி அல்ல, சும்மா குண்டானவள் என்று தோன்றும். அந்த மாதங்களில் உடம்பு செய்யவேண்டிய வேலையே அதுதான். வாழ்க்கை முறை கெட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம் இல்லை.

உங்கள் இலக்கை நீங்களே போடுங்கள்

கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடை தெரிய வேண்டும். நினைவில்லை என்றால், 12 வாரத்துக்குள் பார்த்த முதல் எடையை எடுத்துக்கொள்ளலாம். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எழுதுங்கள். உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, வரும் எண்ணால் எடையை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண். 52 கிலோ, 1.56 மீட்டர் என்றால், 1.56-ஐ 1.56-ஆல் பெருக்க 2.43. 52-ஐ 2.43-ஆல் வகுக்க 21.4.

அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009-இல் வெளியிட்ட வரம்புகளைத்தான் பல நாடுகளில் டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஒரே குழந்தையைச் சுமப்பவர்களுக்கு, மொத்தக் கர்ப்பத்துக்கும் சேர்த்து:

- பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே: 12.5 முதல் 18 கிலோ
- 18.5 முதல் 24.9 வரை: 11.5 முதல் 16 கிலோ
- 25 முதல் 29.9 வரை: 7 முதல் 11.5 கிலோ
- 30-ம் அதற்கு மேலும்: 5 முதல் 9 கிலோ

இரட்டைக் குழந்தை என்றால் இரண்டாவது வரிசைக்காரர்களுக்கு 17 முதல் 25 கிலோ, மூன்றாவதுக்கு 14 முதல் 23, நான்காவதுக்கு 11 முதல் 19. ஆசிய மக்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே சர்க்கரை நோய், இதய நோய் அபாயம் தொடங்குவதால் 23, 27.5 என்ற எல்லைகளையும் கவனிக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் பரிந்துரைத்தது. உங்கள் பி.எம்.ஐ. 23, 24 என்று இருந்தால் வரம்பின் எந்தப் பாதியை நோக்கிப் போகலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொத்த எண்ணைவிட வார வேகம்தான் அன்றாடத்துக்குப் பயன்படும். முதல் மூன்று மாதம் முழுவதற்கும் சேர்த்து அரை கிலோ முதல் 2 கிலோ வரை போதும். மசக்கையில் ஒன்றும் கூடாமல் போனாலும், ஓரிரு கிலோ குறைந்தாலும் பெரும்பாலும் பின்னால் ஈடுகட்டிக்கொள்ளலாம். நான்காம் மாதத்திலிருந்து மேலே சொன்ன நான்கு வரிசைக்கும் முறையே வாரத்துக்குச் சுமார் 500 கிராம், 420 கிராம், 280 கிராம், 220 கிராம். நம் 52 கிலோ பெண் 12 வாரத்தில் 53-இல் இருந்தால், 20ஆம் வாரத்தில் ஏறத்தாழ 56.4, 28-இல் 59.7, 40-இல் 65-க்குப் பக்கத்தில் இருப்பாள். இந்த மூன்று நான்கு எண்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், யாராவது ஏதாவது சொல்லும்போது பார்த்து உறுதிசெய்துகொள்ள ஓர் ஆதாரம் இருக்கும்.

வரம்புக்குக் கீழே போனால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கவும், குறைமாதத்தில் பிறக்கவும் வாய்ப்பு கூடுகிறது. மேலே போனால் குழந்தை மிகப் பெரிதாவது, சிசேரியன், பிரசவத்துக்குப் பிறகும் எடை இறங்காமல் தங்கிவிடுவது ஆகியவை கூடுகின்றன. வாய்ப்பு கூடுகிறது என்றுதான் சொல்கிறோம். ஒரு கிலோ தாண்டியதும் ஏதோ நடந்துவிடும் என்று பொருள் இல்லை.

எடை பார்க்கும் முறை

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், மெல்லிய துணியோடு, ஒரே மெஷினில். மெஷின் சமதளத்தில் இருக்க வேண்டும், மெத்தென்ற விரிப்பின் மேல் வைத்தால் எண் மாறும். ஆஸ்பத்திரி மெஷினும் வீட்டு மெஷினும் ஒரு கிலோ வித்தியாசம் காட்டுவது சகஜம். அதனால் இரண்டையும் கலந்து ஒப்பிடாதீர்கள்.

தினமும் ஏறாதீர்கள். நேற்றைய உப்பு, மலச்சிக்கல், குடித்த தண்ணீர் ஆகியவையே ஒரே நாளில் ஒரு கிலோவரை ஏற்றி இறக்கிவிடும். அதைக் கொழுப்பு என்று நினைத்து அன்றைக்குச் சாப்பாட்டைக் குறைத்தால், தண்ணீரின் ஆட்டத்துக்கு உடம்பைப் பட்டினி போட்டதாகிவிடும். ஒரு வாரத்தின் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நான்கு வாரங்களின் போக்கைப் பாருங்கள். அது வரம்பை விட்டு விலகியிருந்தால் மட்டும் மாற்றம் செய்யுங்கள்.

தட்டில் என்ன மாற வேண்டும்

இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டியதில்லை. முதல் மூன்று மாதத்தில் கூடுதல் கலோரி ஏறக்குறைய எதுவும் தேவைப்படாது. அடுத்த மூன்று மாதத்தில் நாளுக்குச் சுமார் 340 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஐந்தாறு பாதாம் சேர்ந்தால் அந்தக் கணக்கு முடிந்தது. கடைசி மூன்று மாதத்தில் சுமார் 450. மேலே சொன்னதோடு ஒரு கிண்ணம் தயிர் சேர்த்துக்கொண்டால் போதும். கேட்க ஏமாற்றமாக இருக்கும், ஆனால் அளவு அவ்வளவுதான். எடை குறைவாக இருந்து கர்ப்பமானவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவும், கூடுதல் எடையோடு இருப்பவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவும் தேவைப்படும்.

கலோரியைவிடச் சத்துகளின் தேவைதான் அதிகம் எகிறுகிறது. புரதம், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.1 கிராம். 55 கிலோ என்றால் சுமார் 60 கிராம். இதை ஒரே வேளையில் முடிக்கப் பார்க்காமல் மூன்று வேளைக்கும் பிரித்து, ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, முட்டை, பால் பொருள், மீன், இறைச்சி இவற்றில் ஒன்றாவது இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை 400 மைக்ரோகிராம், இரும்புச்சத்து 30 முதல் 60 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அன்றாட அளவு. டாக்டர் உங்களுக்கு வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு விழுங்கினால் உறிஞ்சப்படுவது குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். புளிப்புள்ள பழத்தோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும்.

எடை ஏறவில்லை என்றால்

தட்டின் அளவைக் கூட்டுவது பெரும்பாலும் பலிக்காது, ஏனென்றால் வயிற்றில் இடமில்லை. மசக்கை இருக்கும்போது வாசனை ஒத்துக்கொள்ளாது, கடைசி மாதங்களில் கர்ப்பப்பை இரைப்பையை மேலே நெருக்கும். ஆகவே அளவை விட்டுவிட்டு அடர்த்தியைக் கூட்டுங்கள். பாலில் இரண்டு ஸ்பூன் பால் பவுடர், காய்கறியில் கூடுதலாக ஒரு ஸ்பூன் எண்ணெய், சாப்பாட்டுக்கு நடுவில் 30 கிராம் கொட்டைகள் (இது மட்டுமே 180 கலோரி). மூன்று வேளையை ஆறாக உடையுங்கள். சாப்பாட்டுக்கு முன் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்காதீர்கள். நெஞ்செரிச்சல் இருந்தால், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள்.

வாந்தியால் கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டால் (52 கிலோவுக்கு 2.6 கிலோ), அல்லது தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் அடர் நிறத்தில் போனால், அது சாதாரண மசக்கை இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேகமாக ஏறினால்

முதலில் சாப்பாட்டு வேளைகளை வெட்டாதீர்கள். பலர் செய்யும் தவறு, பகலில் பட்டினி கிடந்து இரவில் பசி தாங்காமல் கிடைத்ததை எல்லாம் சாப்பிடுவது. முதலில் குடிப்பதைப் பாருங்கள். இனிப்புக் குளிர்பானம், பாக்கெட் ஜூஸ், நாளுக்கு நான்கைந்து முறை சர்க்கரை போட்ட டீ ஆகியவை பசியை அடக்காமல் கலோரியை மட்டும் ஏற்றும். ஜூஸுக்குப் பதில் பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். அடுத்து, தட்டில் பாதியைக் காய்கறியாலும், கால் பங்கைப் புரதத்தாலும், மீதிக் கால் பங்கைத் தானியத்தாலும் நிரப்புங்கள். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் பத்து நிமிடம் நடங்கள்.

டாக்டர் தடுக்காதவரை வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி நல்லது. 30 நிமிடம் வீதம் ஐந்து நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். வேகம் சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு: செய்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்து நெடுநேரம் செய்யும் பயிற்சிகளையும், விழவோ வயிற்றில் அடிபடவோ வாய்ப்புள்ளவற்றையும் விட்டுவிடுங்கள். ரத்தப்போக்கு, நீர் கசிவு, நெஞ்சுவலி, தலைசுற்றல், விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரை அழையுங்கள்.

28ஆம் வாரத்திலேயே மொத்த வரம்பைத் தொட்டுவிட்டீர்கள் என்றால், 'இனி ஒரு கிராம்கூட ஏறக் கூடாது' என்று முடிவெடுக்காதீர்கள். குழந்தை தன் எடையின் பெரும்பகுதியை இனிமேல்தான் சேர்க்கப்போகிறது. உங்கள் வரிசைக்கான வார வேகத்துக்குத் திரும்பினால் போதும். கர்ப்ப காலத்தில் எடை குறைக்கும் டயட் எதையும் தொடங்க வேண்டாம். 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

ஒரு வாரத்தில் திடீரென்று ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாட்டால் வந்ததாக இருக்காது, நீராக இருக்கலாம். மாலையில் கணுக்கால் வீங்கி, காலை உயர்த்தி வைத்தால் வடிவது பெரும்பாலோருக்கு வருவதுதான். முகம், விரல்கள், கண்ணிமை வீங்குவது வேறு. 20 வாரத்துக்குப் பிறகு அத்தோடு தீராத தலைவலி, கண் மங்குதல், கண்ணில் மின்னல் போலத் தெரிதல், வலது விலாவுக்குக் கீழே வலி இவற்றில் ஏதாவது வந்தால் ப்ரீ-எக்லாம்ப்சியாவாக (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) இருக்கலாம். பி.பி. 140/90-ஐத் தொட்டாலே டாக்டர் பார்க்க வேண்டும். அடுத்த செக்கப்வரை காத்திருக்க வேண்டாம்.

கண்ணாடிக்கு முன்னால்

கணக்கு சரியாக இருந்தும் மனம் ஏற்காமல் போகலாம். குழந்தை வேண்டும் என்று ஏங்கியவர்களுக்கும் தன் உடம்பைப் பார்த்து அழுகை வரும். குழந்தை மேல் பாசம் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு உள்ளுக்குள் வைத்துப் புழுங்குவதுதான் அதிகம் வலிக்கிறது.

மாற்றங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அதிர்ச்சி குறையும். தொப்புளிலிருந்து கீழே ஓடும் கருங்கோடு, கழுத்தும் அக்குளும் கருப்பது, முகத்தில் படரும் பழுப்பு நிறம் எல்லாம் ஹார்மோனால் வருபவை. பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் மெதுவாக வெளுக்கும். அழுத்தித் தேய்த்தால் நிறம் இன்னும் கருக்கும். முகத்துக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் பலன் தரும். வயிற்றில் வரும் வரித்தழும்புகள் பாதிக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு வருகின்றன. அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். எந்த க்ரீமும் எண்ணெயும் அவற்றைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தோல் இழுபட்டு அரிக்கும்போது எண்ணெய் இதம் தரும், அதற்காகத் தடவுங்கள். ரெட்டினால் (வைட்டமின் ஏ) வகை சேர்ந்த க்ரீம்களைக் கர்ப்ப காலத்தில் தொடக் கூடாது. கால் பாதம் நீண்டு செருப்பு அளவு மாறுவதும் உண்டு, சிலருக்கு அது பழைய அளவுக்குத் திரும்புவதே இல்லை.

துணி விஷயத்தில் தள்ளிப்போடாதீர்கள். இறுகும் இடுப்புப் பட்டி நாள் முழுக்க 'நீ பருத்துவிட்டாய்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய துணி ஏறாத முதல் வாரத்திலேயே சரியான அளவில் மூன்று நான்கு உடுப்புகளை ஏற்பாடு செய்துகொண்டு, ஏறாதவற்றைக் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். உள்ளாடை அளவைக் கர்ப்ப காலத்தில் இரண்டு மூன்று முறையாவது மறுபடி அளந்து பாருங்கள்.

போனில் பார்க்கும் படங்கள் அமைதியாகக் கெடுக்கும். எந்தப் பக்கத்தைப் பார்த்து முடித்ததும் உங்கள் வயிற்றைத் தடவி ஒப்பிடத் தோன்றுகிறதோ, அந்தப் பக்கத்தை விட்டு அன்றைக்கே விலகுங்கள்.

அடுத்தவர்களின் பேச்சுக்கு வாதாட வேண்டியதில்லை. 'வயிறே தெரியலையே', 'ரெட்டைப் பிள்ளையா' என்பவர்களுக்குத் தெரியாத ஒன்று: வயிற்றின் தோற்றம் உயரம், வயிற்றுத் தசையின் இறுக்கம், குழந்தை படுத்திருக்கும் விதம், எத்தனையாவது கர்ப்பம் என்பவற்றைப் பொறுத்தது. அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சிவரை டாக்டர் டேப் வைத்து அளப்பதுதான் கணக்கு. 24 வாரத்திலிருந்து 36 வாரம்வரை அந்த சென்டிமீட்டர் எண், வார எண்ணுக்கு இரண்டு முன்னே பின்னே இருக்கும். ஆகவே ஒரே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: 'டாக்டர் அளந்து பார்த்து சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க.' சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கும் நெருங்கிய உறவினரிடம், 'எடையைப் பத்திப் பேசினா எனக்குச் சங்கடமா இருக்கு அத்தை, வேற ஏதாவது பேசலாமே' என்று நேராகச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நீங்களே சொல்ல முடியாத இடத்தில் உங்கள் கணவர் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் அவர் செய்யும் கேலியும் கேலிதான், அன்பாகச் சொன்னாலும் சரி.

முன்பு உணவோடு போராடியவர்களுக்கு

பட்டினி கிடப்பது, சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது, கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது ஆகியவை முன்பு எப்போதாவது இருந்திருந்தால் முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் அவை அடங்குவதும் உண்டு, திரும்புவதும் உண்டு. எண்ணைப் பார்த்தாலே பதற்றம் வருகிறது என்றால், மெஷினில் முதுகைத் திருப்பி நின்றுகொண்டு, நர்ஸ் மட்டும் குறித்துக்கொள்ளட்டும் என்று கேட்கலாம். ஏதாவது தவறாக இருந்தால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். இது பல இடங்களில் செய்யப்படும் ஏற்பாடுதான், விசித்திரமான கோரிக்கை அல்ல.

முன்பு எதுவும் இல்லாதவர்களும், ஒரு நாளில் பலமுறை மெஷினில் ஏறுவது, எடைக்குப் பயந்து செக்கப்பையே தவிர்ப்பது, சாப்பிட்டதை ஈடுகட்ட வலியோடும் உடற்பயிற்சி செய்வது, சாப்பாட்டை மறைப்பது இவற்றில் ஒன்று தொடங்கினால் டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பிரசவத்துக்குப் பிறகு

குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், ரத்தம் எல்லாம் சேர்த்து அன்றே ஏறத்தாழ 5, 6 கிலோ இறங்கும். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் தங்கிய நீர் வியர்வையாகவும் சிறுநீராகவும் போகும். ஆனால் வயிறு ஐந்து ஆறு மாதக் கர்ப்பம் போலவே இருக்கும். கர்ப்பப்பை ஒரு கிலோவிலிருந்து நூறு கிராமுக்குச் சுருங்கவே ஆறு வாரம் ஆகிறது. அதுவரை எடை மெஷினைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரியில் பார்ப்பது போதும்.

டாக்டர் சரி என்றதும் நடையிலிருந்து தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலையைச் சற்றுத் தூக்கும்போது நடு வயிற்றில் இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் விழுந்தால் வயிற்றுத் தசை பிரிந்திருக்கிறது. அப்போது எழுந்து உட்காரும் வகை வயிற்றுப் பயிற்சிகளை விட்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் மூச்சுப் பயிற்சியையும் இடுப்புத் தளப் பயிற்சியையும் முதலில் செய்யுங்கள். பால் கொடுப்பவர்களுக்கு நாளுக்குக் கூடுதலாக 330 முதல் 500 கலோரி வேண்டும். பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கிய பிறகு வாரத்துக்கு அரை கிலோ இறங்குவது பாதுகாப்பான வேகம். பழைய எடைக்குத் திரும்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகலாம்.

இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்காமல், தூக்கம் வாய்த்தும் தூங்க முடியாமல், தன் உடம்பின் மேல் அருவருப்பு தீராமல் இருந்தால் அதை எடைப் பிரச்சினையாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவம், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். செக்கப்பில் கேட்டு வாங்கி நிரப்புங்கள். அதன் கடைசிக் கேள்வி, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு 'எப்போதாவது' என்று பதில் வந்தால்கூட அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தனியாகப் போக வேண்டாம், கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.